கடைசி வீட்டுக்காரன் கணக்கு

எங்கள் வீடு தாம்பரத்துக்குத் தெற்கே ஒரு சின்ன மனைப்பிரிவில் இருக்கிறது. மொத்தம் ஆறே மனைகள். பஞ்சாயத்து ரோட்டிலிருந்து உள்ளே 120 அடி நீளம், 12 அடி அகலத்தில் ஒரு பாதை. இந்தப் பக்கம் மூன்று வீடு, அந்தப் பக்கம் மூன்று வீடு. பத்திரத்தில் 'பொதுவழிப்பாதையில் பிரிபடாத ஆறில் ஒரு பாகம்' என்று எல்லோருக்கும் எழுதியிருக்கும். நாங்கள் பேசும்போது அதைப் 'பேசேஜ்' என்போம். அது மண்பாதை. ஐப்பசி, கார்த்திகையில் சேற்றுப்பாதை.

பெரிய லேஅவுட்டாக இருந்தால் ரோட்டை உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுத்திருப்பார்கள், அவர்கள் தார் போடுவார்கள். எங்களுடையது அப்படிக் கொடுக்காத தனியார் வழி. ஆகவே கான்கிரீட் போடணும்னா நாங்கள்தான் போட்டுக்கொள்ளணும்.

போன வருஷம் போட்டும் விட்டோம். கான்கிரீட் ஒரே நாளில் வேலை முடிந்தது. அதற்கு முன்னால் யார் எவ்வளவு கொடுப்பது, தண்ணி எங்கே போவது என்ற இரண்டு கேள்விக்கு விடை கண்டுபிடிக்க நான்கு மாதம் ஆனது. அந்த நான்கு மாதத்தில் நான் படித்ததையும், போட்ட கணக்கையும், செய்த தப்பையும் இங்கே எழுதி வைக்கிறேன். இதே மாதிரி பேசேஜில் குடியிருக்கும் யாருக்காவது உதவும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என்னுடையது கடைசி வீடு. கீழே வரும் கணக்கைப் படிக்கும்போது அதை மறக்காதீர்கள்.

முதல் கூட்டம்

எங்கள் மொட்டை மாடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு வீட்டுக்காரர்களும் கூடினோம். நான் கணக்கை எக்செல்லில் போட்டுத் தயாராக வைத்திருந்தேன். மொத்தச் செலவை ஆறால் வகுத்தால் ஒரு வீட்டுக்கு இவ்வளவு. பத்திரத்திலேயே ஆறில் ஒன்று என்றுதானே இருக்கிறது? இதில் பேச என்ன இருக்கு என்று நினைத்தேன்.

முதல் வீட்டு டீச்சர் (ரிட்டயர்டு ஆகிப் பல வருஷம் ஆச்சு, இன்னும் எங்களுக்கு டீச்சர்தான்) கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"தம்பி, என் கேட்லேர்ந்து ரோட்டுக்குப் பதினஞ்சு அடி. உங்க கார் உங்க வீட்டுக்குப் போறதுக்கு நான் ஏன் காசு கொடுக்கணும்?"

நான் ஏதோ சொல்ல வந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"காசுகூட பரவாயில்ல. மழை பேஞ்சா தண்ணி எங்க போகும்? அத மட்டும் சொல்லுங்க, நான் கையெழுத்துப் போடறேன்."

என்னிடம் பதில் இல்லை. எனக்கு எதிர் வீட்டு சார், "எல்லாம் ரோட்டுக்குப் போயிடும்மா" என்றார். டீச்சர் சிரித்தார். கூட்டம் அதோடு கலைந்தது. அன்று இரவு எனக்குக் கோபம்தான் வந்தது. நல்ல காரியத்துக்குக் குறுக்கே நிற்கிறாரே என்று. கோபம் தணிந்ததும், அவர் கேட்டதை ஒரு கணக்காக எழுதிப் பார்க்கலாமே என்று உட்கார்ந்தேன்.

விமான ஓடுதளமும் எங்கள் பேசேஜும்

இந்தக் கணக்கை ஏற்கெனவே போட்டு வைத்திருக்கிறார்கள் என்பது தேடிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. பொருளாதாரத்தில் இதற்கு 'விமான நிலையக் கணக்கு' என்று பெயர். ஒரு ஓடுதளம். சின்ன விமானம் இறங்கக் கொஞ்ச நீளம் போதும். பெரிய விமானத்துக்கு நீளமாக வேண்டும். ஓடுதளம் போட்ட செலவை இரண்டுக்கும் எப்படிப் பிரிப்பது? சரிசமமாகப் பிரித்தால் சின்ன விமானம் பெரிய விமானத்துக்கும் சேர்த்துக் கட்டுகிறது.

1973-ல் ஸ்டீபன் லிட்டில்சைல்டும் கில்லெர்மோ ஓவனும் இதற்கு எழுதிய விடை ரொம்ப எளிமையானது. ஓடுதளத்தைத் துண்டு துண்டாகப் பாருங்கள். ஒவ்வொரு துண்டின் செலவையும் அந்தத் துண்டு யாருக்கெல்லாம் தேவையோ அவர்களுக்குள் சமமாகப் பிரியுங்கள். அவ்வளவுதான்.

எங்கள் பேசேஜுக்கு இது அப்படியே பொருந்தும். 40 அடி வீதம் மூன்று துண்டு. முதல் துண்டு ஆறு வீட்டுக்கும் வேண்டும். இரண்டாவது துண்டு நடு வீடுகள் இரண்டு, கடைசி வீடுகள் இரண்டு, ஆக நாலு வீட்டுக்கு. மூன்றாவது துண்டு கடைசி இரண்டு வீட்டுக்கு மட்டும். வகுக்க வசதியாக மொத்தச் செலவை 3,60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு துண்டுக்கு 1,20,000.

முதல் துண்டு: ஆறு பேர், ஆளுக்கு 20,000.
இரண்டாவது துண்டு: நாலு பேர், ஆளுக்கு 30,000.
மூன்றாவது துண்டு: இரண்டு பேர், ஆளுக்கு 60,000.

அதாவது முன் வீட்டுக்கு 20,000. நடு வீட்டுக்கு 50,000. கடைசி வீட்டுக்கு 1,10,000. நான் மாடியில் சொன்னதோ ஆளுக்கு 60,000.

இந்த விடைக்குப் பின்னால் இருப்பது லாயிட் ஷாப்லி 1953-ல் சொன்ன ஒரு யோசனை. (2012-ல் இவருக்குப் பொருளாதார நோபல் கிடைத்தது.) ஆறு வீடும் ஒவ்வொன்றாக வந்து சேர்வதாக நினைத்துக்கொள்ளுங்கள். வருகிறவர் தன் வீடு வரைக்கும் பாதை இல்லையென்றால், குறைகிற நீளத்துக்கு மட்டும் காசு கொடுக்கிறார். ஏற்கெனவே இருந்தால் ஒன்றும் கொடுக்க வேண்டாம். முதலில் வருபவருக்கு நஷ்டம், கடைசியில் வருபவருக்கு யோகம். அந்த அநியாயம் போக, ஆறு பேரும் வரக்கூடிய எல்லா வரிசையையும் எடுத்து (மொத்தம் 720) சராசரி பார்க்க வேண்டும். 720 வரிசையையும் எழுதிப் பார்த்தால் கிடைக்கும் சராசரியும், துண்டு துண்டாகப் பிரித்தால் வரும் தொகையும் ஒன்றே.

ஆனால் என்னை உறுத்தியது இன்னொரு கணக்கு. நாங்கள் யாரும் சேராமல், முன் வீடு இரண்டும் தங்களுக்குத் தேவையான 40 அடியை மட்டும் போட்டுக்கொண்டால் என்ன ஆகும்? 1,20,000-ஐ இருவர் பிரித்தால் ஆளுக்கு 60,000. என் எக்செல் கணக்கிலும் அவர்களுக்கு 60,000! ஆறு பேர் ஒற்றுமையாகச் சேர்ந்ததால் அவர்களுக்கு ஒரு ரூபாய்கூட மிச்சமில்லை. அதே மாதிரி நாங்கள் கடைசி இரண்டு வீடும் தனியாக முழுப்பாதையும் போட்டிருந்தால் ஆளுக்கு 1,80,000 ஆகியிருக்கும். எல்லோரும் சேர்ந்ததால் எனக்கு மட்டும் 1,20,000 மிச்சம்.

'எல்லாருக்கும் சமம்' என்று நான் நல்ல மனசோடு சொன்னதாகத்தான் நினைத்திருந்தேன். சேர்ந்து செய்வதில் கிடைத்த லாபத்தில் பெரும்பங்கை என் வீட்டு வாசலில் கொண்டுவந்து கொட்டிய கணக்கு அது.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்தேன். 1882-ஆம் வருஷத்து இந்திய வசதியுரிமைச் சட்டம், 25-ஆம் பிரிவு. அடுத்தவர் நிலத்தில் வழி உரிமை வைத்திருப்பவர், அந்த வழியைப் பயன்படுத்தவும் காப்பாற்றவும் தேவையான வேலைச் செலவைத் தானே ஏற்க வேண்டும் என்கிறது. எங்களுக்கு இது நேரடியாகப் பொருந்தாது, ஏன்னா பேசேஜுக்கு ஆறு பேருமே சொந்தக்காரர்கள். ஆனால் யாருக்குப் பயனோ அவருக்கே செலவு என்ற எண்ணம் டீச்சர் புதிதாகக் கிளப்பியதல்ல என்று புரிந்தது.

தண்ணி எங்க போகும்?

மேஸ்திரியைக் கூப்பிட்டு லெவல் பார்க்கச் சொன்னேன். அவர் மிஷின் எதுவும் கொண்டுவரவில்லை. ஒரு நீளமான பிளாஸ்டிக் டியூப், அதில் தண்ணி. டியூப்பின் இரண்டு முனையிலும் தண்ணி ஒரே மட்டத்தில்தான் நிற்கும். ஒரு முனையை என் கேட்டில் பிடித்து, இன்னொன்றை டீச்சர் கேட்டுக்கும் ரோட்டுக்கும் கொண்டுபோய், சுவரில் பென்சிலால் கோடு போட்டு அரை மணி நேரத்தில் முடித்துவிட்டார்.

கிடைத்தது மூன்று அளவு. ஒன்று, என் வீட்டுப் பக்கம் மேடு, முன் பக்கம் பள்ளம். 120 அடிக்கு 14 இஞ்ச் இறக்கம், அதாவது ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று. தண்ணி ஓட அது போதும். இரண்டு, பஞ்சாயத்து ரோடு வருஷக்கணக்காகப் போட்டுப் போட்டு உயர்ந்து, பேசேஜ் வாயைவிட 3 இஞ்ச் மேலே இருந்தது. எதிர் வீட்டு சார் சொன்ன மாதிரி தண்ணி ரோட்டுக்குப் போகாது. ரோட்டு ஓரம் வந்து திரும்பி நிற்கும். நிற்கிற இடம் டீச்சர் கேட். மூன்று, டீச்சர் வீட்டு வாசப்படி பேசேஜ் மண்ணிலிருந்து ஐந்தே இஞ்ச் உயரம்.

மேஸ்திரியின் முதல் யோசனை, இருக்கிற மண்ணைச் சமப்படுத்தி மேலே ஆறு இஞ்ச் கான்கிரீட். அப்படிப் போட்டிருந்தால் பாதை டீச்சர் வாசப்படியைவிட ஒரு இஞ்ச் உயரமாகியிருக்கும்.

டீச்சர் அந்த வீட்டைக் கட்டியபோது இங்கே வேறு வீடே கிடையாது. ரோடும் தாழ்வு. பிறகு வந்த நாங்கள் ஒவ்வொருவரும் முன்னவரைப் பார்த்து இரண்டு அடி கூடுதலாக மண் அடித்து மனையை உயர்த்திக் கட்டினோம். 2015 டிசம்பர் முதல் வாரம், ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. அன்று ராத்திரி டீச்சர் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணி. எங்கள் வீட்டில் படிக்கட்டோடு நின்றது. மாடியில் கூட்டம் போட்டபோது இது எனக்கு ஞாபகமே வரவில்லை. அவருக்கு அது மட்டும்தான் ஞாபகத்தில் இருந்திருக்கிறது.

கான்கிரீட் போட்டால் அந்தத் தண்ணி கூடும், குறையாது. பேசேஜின் பரப்பு 1,440 சதுர அடி, சுமார் 134 சதுர மீட்டர். 10 செ.மீ. மழை பெய்தால் அதன் மேல் மட்டும் 13,400 லிட்டர் விழும். நம் ஊருக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணி லாரி ஒன்றுக்கும் மேல். மண்ணாக இருந்தபோது அதில் ஒரு பகுதி உள்ளே இறங்கியது. கான்கிரீட்டில் கிட்டத்தட்ட எல்லாமே ஓடும். 2015 மாதிரி மழை வந்தால் 65,000 லிட்டர்.

ரோடு உயர்வது தெருவுக்குத் தெரு நடக்கிற கதைதான். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும், உயரத்தைக் கூட்டக் கூடாது என்று 2021-ல் தமிழ்நாடு அரசே உத்தரவு போட்டது. அரசு ரோட்டுக்குச் சொன்னதை எங்கள் சொந்தப் பாதையில் நாங்களே மீறப் பார்த்தோம்.

ஆக, மேலே போடுவதில்லை, தோண்டிப் போடுவது என்று முடிவு. 14 இஞ்ச் தோண்டி, 6 இஞ்ச் கிராவல், அதன்மேல் 6 இஞ்ச் கான்கிரீட். அப்படியானால் முடிந்த பாதை இப்போதைய மண்ணைவிட 2 இஞ்ச் கீழே இருக்கும். டீச்சர் வாசப்படி 5-லிருந்து 7 இஞ்ச் ஆகும். பாதை வாயில் குறுக்காக ஒரு வடிகால், மேலே இரும்புக் கம்பி மூடி. அதிலிருந்து 4 அடி விட்டம், 10 அடி ஆழத்தில் உறை இறக்கிய ஒரு உறிஞ்சுகுழி. அது ஒரு தடவைக்கு 3,500 லிட்டர்தான் பிடிக்கும். அதனால் நிரம்பியபின் வழிய, ரோட்டோர மழைநீர்க் கால்வாய்க்கு ஒரு குழாய்.

எதிர் வீட்டு சார் ஒப்புக்கொள்ளவில்லை. "அவங்க வீடு தாழ்வா இருக்கறதுக்கு நாம ஏன் சார் தோண்டற செலவு கொடுக்கணும்? பதினேழு யூனிட் மண்ணு எடுத்து வெளியே கொட்டணும்."

நியாயமான கேள்வி மாதிரிதான் இருந்தது. பதிலும் அதே துண்டுக் கணக்கிலிருந்தே வந்தது. தண்ணி கீழே நிற்கிறது, ஆனால் மேலேயிருந்து வருகிறது. மூன்றாவது துண்டில் விழும் தண்ணி யாருக்காகப் போட்ட கான்கிரீட்டில் விழுகிறது? என் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும். இரண்டாவது துண்டில் விழுவது நாலு பேருடையது. முதல் துண்டில் விழுவது ஆறு பேருடையது. இப்படிப் பிரித்தால் வடிகால் செலவிலும் வருவது அதே விகிதம், 2 : 5 : 11. பாதையைப் பயன்படுத்துவதைப் பார்த்தாலும், தண்ணியை அனுப்புவதைப் பார்த்தாலும், கடைசி வீட்டுக்காரன்தான் அதிகம் கொடுக்கணும்.

இரண்டாவது கூட்டம்

இந்த முறை டீச்சர் வீட்டுத் திண்ணையில் கூடினோம். கணக்கைப் பேப்பரில் எழுதிக் கொண்டுபோனேன். என் பங்கு 60,000-லிருந்து 1,10,000 ஆகிறது என்பதை நானே முதலில் வாசித்தேன். (வீட்டில் இதற்கு என்ன வரவேற்பு இருந்தது என்பதை இங்கே எழுதவில்லை.) எதிர் வீட்டு சாருக்கும் அதே 1,10,000. அவர் முகம் மாறிவிட்டது. "பத்திரத்துல ஆறுல ஒண்ணுன்னு இருக்கு சார். நாளைக்கு வித்தா எல்லார் மனைக்கும்தான் விலை ஏறும். முன் வீட்டுக்கு ஏறாதா?"

அதிலும் உண்மை இருக்கிறது. கணக்கு சொன்னது கார் போகிற நீளத்தை மட்டும்தான். பாதை என்பது அது மட்டுமில்லை.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு டீச்சரே ஆரம்பித்தார். "தம்பி, நான் தினமும் சாயங்காலம் கடைசி வரைக்கும் நடக்கறேன். ரோட்டுல லாரிக்குப் பயந்து இங்கதான் நடக்கறது. அந்த நடைக்கு நீங்க காசே போடலியே?"

பாதிச் செலவு சமமாக, பாதிச் செலவு துண்டுக் கணக்குப்படி என்று அங்கே முடிவானது. முன் வீட்டுக்கு 40,000, நடு வீட்டுக்கு 55,000, கடைசி வீட்டுக்கு 85,000 என்ற விகிதம். கூட்டிப் பாருங்கள், 3,60,000 வரும். 'பாதி' என்பதை எந்தச் சூத்திரமும் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொருவரும் தனியாகப் போட்டால் ஆகியிருக்கும் செலவைவிட எல்லோருக்கும் குறைவு, ஏன் இந்தத் தொகை என்பதை எல்லோராலும் திருப்பிச் சொல்ல முடிந்தது. முத்திரைத் தாளில் எழுதி ஆறு பேரும் கையெழுத்துப் போட்டோம். பின்னால் வரும் ரிப்பேருக்கும் இதே விகிதம், யார் வீட்டு வேலைக்காக உடைத்தாலும் அந்தக் கட்டம் முழுவதையும் அவரே திருப்பிப் போட்டுக் கொடுக்கணும், வீட்டை விற்றால் வாங்குபவருக்கு இந்தத் தாளைக் காட்டணும் என்று மூன்று நிபந்தனை.

கான்கிரீட் போடும்போது தெரிந்துகொண்டவை

*கனம்.* "கார்தானே சார், நாலு இஞ்ச் போதும்" என்றார் மேஸ்திரி. கார் மட்டும் வந்தால் சரி. செப்டிக் டேங்க் லாரியும் தண்ணி லாரியும் வருகிறதே. பலகை வளைவதைத் தாங்கும் திறன் கனத்தின் வர்க்கத்தோடு கூடும். நாலு இஞ்ச்சை ஆறாக்கினால் கூடுவது ஒன்றரை மடங்கல்ல, இரண்டேகால் மடங்கு. குறைந்த போக்குவரத்துள்ள கான்கிரீட் சாலைகளுக்கான ஐ.ஆர்.சி. எஸ்.பி. 62 வழிகாட்டியும் 150 மி.மீ.க்குக் குறையாமல் போடச் சொல்கிறது.

*கலவை.* ஐ.எஸ். 456 விதிப்படி ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று என்று பெட்டி அளவில் கலப்பது எம் 20 வரைக்கும்தான் செல்லும். அதற்கு மேல் சோதனைச் சாலையில் வடிவமைத்த கலவை வேண்டும். சாலைக்கு எம் 30 நல்லது என்பதால் ரெடிமிக்ஸ் வாங்கினோம். 720 கன அடி, அதாவது 20 கன மீட்டருக்குக் கொஞ்சம் மேல். 6 கன மீட்டர் லாரியில் நாலு நடை. லாரியைப் பேசேஜுக்குள் விடாமல் ரோட்டிலேயே நிறுத்தி, பம்ப் வைத்துக் கடைசியிலிருந்து வாயை நோக்கிப் போட்டு வந்தோம்.

*தண்ணி.* கலவை கெட்டியாக இருந்தால் இழுத்துப் பரப்பக் கஷ்டம். உடனே யாராவது லாரி டிரம்மில் ஹோஸைச் சொருகுவார்கள். விடாதீர்கள். சிமென்டுக்கு எவ்வளவு தண்ணி என்ற விகிதம்தான் வலிமையைத் தீர்மானிக்கிறது என்று டஃப் ஏப்ராம்ஸ் 1918-லேயே காட்டிவிட்டார். சிமென்டோடு சேராத தண்ணி பின்னால் ஆவியாகிப் போகும், அது இருந்த இடம் ஓட்டையாக நிற்கும். பரப்ப முடியவில்லை என்றால் அதற்கான அட்மிக்ஸரை முன்கூட்டியே கேட்டு வாங்கணும்.

*விரிசல்.* "கம்பி போட்டா விரிசலே வராது சார்" என்பதை எல்லா மேஸ்திரியும் சொல்வார்கள். கான்கிரீட் காயும்போது சுருங்கும், மீட்டருக்கு அரை மில்லிமீட்டர் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். எங்கள் 120 அடிக்கு 18 மி.மீ., ஒரு விரல் கனம். கீழே தரை பிடித்து இழுக்க, எங்காவது கிழிந்துதான் ஆக வேண்டும். கம்பி விரிசலை அகலமாகாமல் பிடித்து வைக்கும், வராமல் தடுக்காது. விரிசல் எங்கே வரணும் என்று நாமே முடிவு செய்வதுதான் வழி. 12 அடிக்கு ஒன்றாகக் குறுக்கே கோடு வெட்டினோம், ஆழம் ஒன்றரையிலிருந்து இரண்டு இஞ்ச். பத்து சதுரக் கட்டம். காலையில் போட்டதை அன்று ராத்திரியே கட்டர் வைத்து வெட்டினார்கள். மறுநாள் பார்த்துக்கலாம் என்று விட்டால் நம்மை முந்திக்கொண்டு அதுவே வெட்டிக்கொள்ளும், கோணல்மாணலாக.

*சரிவு.* வழக்கமாக ரோடு நடுவில் மேடாக இருக்கும், தண்ணி இரண்டு ஓரமும் போகும். ஓரத்தில் எங்கள் காம்பவுண்டுச் சுவர்கள். ஆகவே தலைகீழாக, நடுவில் ஒன்றரை இஞ்ச் பள்ளமாக வைத்தோம். கீழே கிராவலையும் அதே பள்ளத்தோடு இடித்துக் கெட்டிப்படுத்தணும். இல்லையென்றால் நடுவில் ஆறு இஞ்ச் கனம் நாலரையாகிவிடும்.

*குழாய்.* கான்கிரீட்டுக்கு முன்னால் மூன்று இடத்தில் குறுக்காக 6 இஞ்ச் பி.வி.சி. குழாயைக் காலியாகப் புதைத்து வைத்தோம். நாளைக்கு கேபிளோ தண்ணி பைப்போ போகணும்னா அதற்குள் விட்டுக்கொள்ளலாம், பாதையை உடைக்க வேண்டாம். மொத்தச் செலவில் மிகக் குறைவானது இதுதான்.

*நனைப்பு.* ஒவ்வொரு கட்டத்திலும் மண்ணால் பாத்தி கட்டி 14 நாள் தண்ணி தேக்கினோம். வண்டி எதுவும் உள்ளே வரக்கூடாது. அத்தனை நாளும் எங்கள் பைக், கார் எல்லாம் ரோட்டை ஒட்டி டீச்சர் வீட்டுப் பக்கவாட்டுக் காலி இடத்தில்தான் நின்றன. எதிர் வீட்டு சாரின் காரும்.

நான் செய்த தப்பு

நடு வீட்டுக்கு எதிரே பாதையில் ஒரு கழிவுநீர்த் தொட்டி மூடி இருக்கிறது. நான் வரைந்த கோடுகளில் அது ஒரு கட்டத்தின் நடுவில் வந்தது. மூடியின் சதுர மூலையில் இழுவிசை குவியும், அதனால் வெட்டுக்கோடு அந்த மூடியைத் தொட்டுப் போகும்படி அமைக்கணும் என்று பின்னால்தான் படித்தேன். மூன்றாவது மாதம் அந்த மூலையிலிருந்து தலைமுடி மாதிரி ஒரு விரிசல், மூலைவிட்டமாக ஓரம் வரைக்கும். தார் கலவை ஊற்றி அடைத்திருக்கிறேன். மற்ற ஒன்பது கட்டமும் வெட்டின இடத்தில் மட்டும்தான் விட்டிருக்கின்றன.

ஐப்பசியில் முதல் பெருமழை ஒரு ராத்திரியில் வந்தது. குடையும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு போனேன். தண்ணி நடுப்பள்ளத்தில் கயிறு மாதிரி ஓடி, வாயில் இருக்கும் கம்பி மூடிக்குள் சத்தத்தோடு விழுந்தது. குழி நிரம்பிக் கால்வாய்க்குப் போக ஆரம்பித்திருந்தது. எதிர் வீட்டு சார் எனக்கு முன்னாலேயே அங்கே வந்து, மூடியில் அடைத்திருந்த வேப்பிலையைக் காலால் தள்ளிக்கொண்டிருந்தார்.

டீச்சர் வாசல் விளக்கு எரிந்தது. கதவைத் திறந்து படியைப் பார்த்தார். முதல் படிக்குக் கீழே நாலு விரல் காய்ந்து இருந்தது.

"சரி, போய்ப் படுங்க ரெண்டு பேரும்" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தார்.